எடுத்துவிட்ட பத்தி

எபினேசரை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், ஓசூர் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் டி.டி.பி. கடைக்குச் சாராள் தனியாகப் போனாள். அவர் பாதியில் விட்டுப்போன இதழை அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

'தென்பெண்ணைச் செய்தி' நாலு பக்க வாரப் பத்திரிகை. பத்தொன்பது வருஷமாக ஆசிரியர் எபினேசர்தான் என்றாலும், பதிவில் வெளியிடுபவர் அவர் மனைவி சாராள். ஆரம்பித்த காலத்தில் அவர் பெங்களூரில் ஒரு நாளிதழில் வேலையில் இருந்ததால் அப்படிச் செய்தார். "கேஸ் வந்தா இவதான் உள்ள போவா. நான் வெளிய இருந்து பிரியாணி வாங்கிட்டுப் போவேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேஸ் ஒன்றும் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த இதழின் முதல் பக்கம் மணிவேலைப் பற்றியது. நாகரசம்பட்டிக்காரன், இருபத்து நாலு வயது, ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனிக் காகிதத்தின்படி அவன் அன்று வேலைக்கே வரவில்லை. எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில், ஏதோ வண்டி மோதிச் செத்தான் என்றது அந்தக் காகிதம். அவனோடு வேலை பார்த்த மாதப்பன், எபினேசரின் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். மெஷின் மணிவேலின் இடுப்பை நசுக்கிவிட்டது. சூப்பர்வைசர் அவனைக் கம்பெனி வேனில் ஏற்றி, பிடித்துக்கொள்ள மாதப்பனையும் உட்கார வைத்தார். வேன் ஓசூர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனது. மணிவேலுக்கு நினைவு இருந்தது. "ஆஸ்பத்திரி பின்னாடி போயிருச்சுடா, வண்டியத் திருப்பச் சொல்லு" என்றான். இரண்டு தடவை சொன்னான். சூப்பர்வைசர் டிரைவரை "ஹோகு, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டினார். எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைக் கடக்கும்போது மணிவேலின் பேச்சு நின்றிருந்தது.

சர்க்கரை வியாதியில் எபினேசரின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அதனால் அவர் கேட்கக் கேட்க, மாதப்பன் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியது சாராள்தான்.

இப்போது மாதப்பன் டி.டி.பி. கடை வாசலில், டிபன் பை தோளில் தொங்க, அவளுக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, எம்பேரு வேணாங்க்கா."

"கையெழுத்துப் போட்டியே மாதப்பா."

"அண்ணன் இருந்தாரு, போட்டேன். நேத்து கம்பெனி ஆளு ஒருத்தன் வீட்டுக்கே வந்துட்டான். எம்பொண்டாட்டி முன்னாடியே சொல்றான், 'வேன்ல இன்னொரு சீட்டு காலியாத்தான் இருக்குது'ன்னு."

உள்ளே கம்ப்யூட்டர் முன் ஃபெபா இருந்தாள். பத்திரிகையின் பக்கங்களை வடிவமைப்பவள்.

"பேர எடுக்கறதா ஆண்ட்டி? அங்கிள் ஒத்துக்கவே மாட்டாரே. பேரில்லாத நியூஸ், மாப்ள பேரில்லாத கல்யாணப் பத்திரிகைம்பாரு."

"எடு."

ஃபெபா எடுத்தாள். பிறகு திரையை மறுபடி மேலிருந்து படித்துவிட்டுத் திரும்பினாள். "பேர எடுத்தாலும் இந்த வேன் பத்தி இருக்குதே. வேன்ல சாகாம இருந்தது மூணே பேரு. யாரு சொன்னதுன்னு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்."

சாராள் அந்தப் பத்தியைப் படித்தாள். செய்தியின் உயிரே அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாசலில் மாதப்பன் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அதையும் எடு. கடைசில ஒரு வரி போடு. 'விவரங்களை நேரில் கேட்டு எழுதியவர்: சாராள் எபினேசர், வெளியிடுபவர்.' ஒரு பேராவது இருக்கட்டும்."

மாதப்பன் அவள் காலைத் தொட வந்தான். "சும்மா போடா" என்று அதட்டி அனுப்பினாள்.

மணிவேலின் அம்மா செல்வம்மாள் அந்த இதழை நஷ்டஈட்டு மனுவோடு சேர்த்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். மூன்றாம் வாரம் விசாரணைக்கு வரச் சொல்லிச் சாராளுக்கும் கடிதம் வந்தது.

விசாரணை அறையில் ஒரு பக்கம் செல்வம்மாள், மறு பக்கம் கம்பெனி பஸ்ஸில் கூட்டிவந்த எட்டுப் பேர். மணிவேல் அன்று வேலைக்கு வரவில்லை என்று எட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்டாவது ஆள் மாதப்பன்.

அதிகாரி சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க ஸ்பாட்ல இருந்தீங்களா அம்மா?"

"இல்ல. இருந்தவர் சொல்ல, நான் எழுதினேன்."

"யாரு சொன்னது?"

சாராள் மாதப்பனைப் பார்க்காமல் இருக்க, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். அவனாக எழுந்திருப்பான் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். நாற்காலி ஒன்றும் அசையவில்லை.

"சொல்ல முடியாதுங்க."

"பேரு இல்லாம நான் இத எப்படி எடுத்துக்கறது? கம்பெனிக்குள்ளதான் நடந்துச்சுன்னு காட்ட இதுல வேற ஒண்ணும் இல்லையே."

"இல்லீங்க."

அதிகாரி பத்திரிகையை மடித்துச் செல்வம்மாளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் செல்வம்மாள் சாராளை மறித்தாள்.

"ஏம்மா, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"யாருன்னு கேக்கல. எம்புள்ள பேசுனானா? அத மட்டும் சொல்லு."

கம்பெனி பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரத்தில் மாதப்பன் முகம் தெரிந்தது. உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். எந்தத் தாயும் அதைத்தான் கேட்க விரும்புவாள். ஆனால் எழுதி வைத்த நோட்டில் அப்படி இல்லை. பஸ் திரும்பிப் பெரிய ரோட்டில் சேரும்வரை சாராள் காத்திருந்தாள். பிறகு எழுதியதை எழுதியபடியே சொன்னாள். மாதப்பனின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

செல்வம்மாள் அழவில்லை. "அப்ப எங்க கொண்டு போறாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றாள். பிறகு, "இத உள்ள சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு எழுதியிருக்கும்ல?" என்றாள்.

"எழுதியிருக்கும்."

"உம்புருசன் இருந்தா சொல்லியிருப்பாரு."

சாராளுக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை. செல்வம்மாள் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தாள். வெயிலில் அவள் நடை தள்ளாடுவதைப் பார்த்து, பிடித்துக்கொள்ள சாராள் இரண்டு எட்டு வைத்தாள்.

"கூட வராத" என்றாள் செல்வம்மாள், திரும்பாமலே.

சாராள் நின்றுவிட்டாள்.