இரண்டாவது சீட்டு

போர்வையின் ஓரத்தை அம்மாவின் காலுக்கடியில் அவள் செருகிக்கொண்டிருந்தபோது கைப்பேசி மறுபடியும் அடித்தது. காலையிலிருந்து எத்தனையாவது அழைப்பு என்று தெரியவில்லை. எடுத்ததுமே, "மூணு மணிக்கு எடுக்கிறோம்" என்றாள்.

"அக்கா, நான் மருந்தகத்துலேருந்து பேசறேன். இன்னிக்குப் போய் தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க."

அம்மாவின் உதவியாளராக வேலை பார்த்த பெண். நேற்று மாலை வரை அம்மாவுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவள். அம்மா அங்கிருந்து வீட்டுக்கு வந்து, ஒரு செருப்பைக் கழற்றி, அடுத்ததைக் கழற்றுவதற்குள் சரிந்து அப்படியே போய்விட்டாள்.

"சொல்லும்மா."

"வீட்டோட படுத்துக் கிடக்கிறவங்களுக்கு வாராவாரம் வண்டியில மருந்து போகுமில்ல, அதுக்குப் பொட்டலத்துல ஒட்டற சீட்டு முந்நூறு கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சிட்டேன். ஆனா அடிச்சப்புறம் அம்மா உக்காந்து சிவப்புப் பேனாவால எங்கெங்கேயோ திருத்துவாங்க. எதைத் திருத்துவாங்கன்னு நான் கேட்டுக்கிட்டதே இல்ல. ரெண்டு மணிக்கு வண்டி கிளம்பணும். உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

சொல்லியிருந்தாள். பலமுறை சொல்லியிருந்தாள். இவளுடைய தையல் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த மெஷின் அரையை ஒண்ணாக்கிடுதுடி" என்று ஆரம்பிப்பாள். இவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "அதை உன் மகன்கிட்ட சொல்லும்மா, அவன் பண்ணினதுதானே" என்பாள். அதோடு பேச்சு பிளவுஸ் பக்கம் திரும்பிவிடும். இப்போது நினைத்தபோது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அரை மாத்திரை ஒண்ணுன்னு வரும். அதைத்தான் திருத்துவாங்க."

"எல்லாச் சீட்டுலயுமா? சிலதுல அரைன்னு சரியாத்தான் இருக்கு, அக்கா. அதான் எனக்குக் குழப்பமா இருக்கு."

"பத்து நிமிஷம் குடு. ஒரு சீட்டையும் ஒட்டாதே."

முன்னறையில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மருந்தம்மா என்றால்தான் அக்கம்பக்கத்தில் அம்மாவைத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தம்பியைப் பார்த்தார்கள். தம்பி விடிகாலையில்தான் வந்து சேர்ந்திருந்தான். "இவர்தான் மகன். மருந்துக்கடைக்கெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் பண்ணிச் சும்மாவே குடுத்திருக்கார். எத்தனையோ நாட்டுல ஓடுதாம்" என்று சித்தப்பா ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி தரையைப் பார்த்துத் தலையாட்டினான். அழுது அழுது அவன் மூக்கு சிவந்திருந்தது.

அவள் அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மேசை மேல் அம்மாவின் பழைய லேப்டாப். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அதிலேயே ஒட்டி வைத்திருந்தாள். அம்மாவுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. திறந்ததும் ஒரு பக்கம் வந்து நின்றது. தம்பியின் மென்பொருளுக்கு வரும் புகார்களின் பட்டியல். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்று மேலே காட்டியது. அதில் ஒன்றுதான் அம்மாவுடையது. பெயர் போடவில்லை. மருந்தகத்தில் தான் நிற்கும் இடத்தை, 'இரண்டாம் ஜன்னல்' என்று போட்டிருந்தாள்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மருந்துச் சீட்டு எழுதுகிற சுத்தத்தோடு எழுதியிருந்தாள். ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு மருந்து என்றால் அரை மாத்திரை என்பது சரியாக அச்சாகிறது. இரண்டு மருந்து என்றால் முதல் சீட்டு சரி, இரண்டாவது சீட்டிலிருந்து அரை என்பது ஒன்று ஆகிவிடுகிறது. இதய நோயாளிகளுக்கு இது ஆபத்து. படம் இணைத்திருக்கிறேன். தேதியைப் பார்த்தாள். இரண்டே கால் வருடத்துக்கு முன்பு.

அதற்குக் கீழே அறுபது நாள் கழித்து ஒரு பதில். மனிதர் எழுதியதல்ல, தானாக வருவது. 'இந்தப் புகாரில் அறுபது நாட்களாக எந்த அசைவும் இல்லை. எனவே மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி.' அதன் கீழே அம்மா: 'குறை இன்னும் இருக்கிறது. தயவுசெய்து திறக்கவும்.' அடுத்த அறுபது நாள். மறுபடியும் நன்றி. மறுபடியும் அம்மா. நாலாவது தடவைக்குப் பிறகு அம்மா விவரமாகிவிட்டாள். அறுபது நாள் ஆவதற்கு இரண்டு நாள் முன்பே வந்து, 'இன்னும் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம். ரத்த அழுத்த மாத்திரை தீரும் தேதி என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

அவள் கடையில் ஒருத்தி வந்து பிளவுஸ் கை இறுக்கிப் பிடிக்கிறது என்றால், வாங்கி, பிரித்து, அரை விரற்கடை விட்டுத் தைத்துக் கொடுப்பாள். இரண்டு மாதமாக நீ வரவில்லை, அதனால் கை பிடிக்கவில்லை என்று எந்தத் தையல்காரியாவது சொல்வாளா?

இடையில் வேறு சிலரும் எட்டிப் பார்த்திருந்தார்கள். 'எங்களுக்கும் இதே' என்று பத்தொன்பது பேர். எந்தெந்த ஊரோ, எந்தெந்த மருந்தகமோ. அவர்களுக்கு அம்மாதான் பதில் சொல்லியிருந்தாள். 'சரிசெய்யும் வரை சிவப்பு மையால் கையில் எழுதிக் கொடுங்கள். எத்தனை அவசரமானாலும் எழுதாமல் கொடுக்காதீர்கள்.' சம்பளமில்லாத வேலை என்று தம்பி எப்போதும் சொல்வான். இதற்கு அம்மாவுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

இன்னும் கீழே இறங்கினாள். அத்தனை பதில்களில் ஒன்றே ஒன்றுதான் அந்த மென்பொருளைக் கவனிக்கிற ஆட்கள் எழுதியது. படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த சின்ன வட்டப் படத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "இங்க வா" என்றாள்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி வந்தான். கதவைச் சாத்தினாள்.

"இது யாருடைய புகார்னு தெரியுமா?"

அவன் குனிந்து பார்த்தான். "அக்கா, இப்ப போய் இதை…"

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாது. இரண்டாம் ஜன்னல்னு போட்டிருக்கு. யாரோ ஒருத்தர்."

"இது யார் லேப்டாப்?"

அவன் மேசையைப் பார்த்தான். கடவுச்சொல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். கட்டிலின் ஓரத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா. உன்கிட்ட ஃபோன்ல சொன்னதா என் கடையில வந்து சொன்னா. நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவளே சொன்னாள். "வாயால சொன்னா மறந்துடுவேன், ரிப்போர்ட் போடும்மா, வரிசையில வரும்னு சொன்னே. போட்டா. வரிசையில நின்னா. மகன்னு சலுகை கேக்கக் கூடாதாம், பேரைக்கூட போடல."

"அக்கா, ஆயிரத்து இருநூறு புகார் இருக்கு. நாங்க மூணு பேர். எல்லாருக்கும் வேற வேலை இருக்கு, குழந்தைங்க இருக்கு. பாதிப் பேர் திட்டறதுக்குன்னே வர்றாங்க. எல்லாத்தையும் திறந்து வெச்சா மூச்சு முட்டும். அதனாலதான் அறுபது நாள்னு ஒரு ஏற்பாடு."

"அந்த ஏற்பாட்டைப் பண்ணினது யாரு?"

"நான்தான்."

திட்டுகிறார்கள் என்று அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்திருந்தபோது, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு யாரோ திட்டியதைப் படித்துப் படித்துச் சாப்பிடாமல் எழுந்து போனவன். அதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் இன்றைக்கு அவனுக்காக இரக்கப்பட அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை.

"மூச்சு முட்டினா கடையை மூடிட்டுப் போயிருக்கணும். போர்டை மாட்டி வெச்சுக்கிட்டு உள்ள ஆள் இல்லாம இருந்தா எப்படி? அந்தப் போர்டை நம்பி ஒருத்தர் மாத்திரை முழுங்கறாரு."

"கத்தாதே அக்கா. வெளியில எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். இந்தப் பத்தொன்பது பேர் இருக்காங்களே, அவங்க ஊர்ல அரைக்குப் பதில் ஒண்ணு முழுங்கினவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அம்மா அவங்களுக்குப் பேனாவை எடுக்கச் சொன்னா. நீ நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினே."

அவள் லேப்டாப்பை அவன் மடியில் வைத்தாள்.

"இதைச் சரி பண்ணு."

"இப்பவா? இதுக்கு ஒரு முறை இருக்கு. நான் மாத்தினா இன்னும் ரெண்டு பேர் பார்த்துச் சரின்னு சொல்லணும். திங்கட்கிழமை…"

"ரெண்டு மணிக்கு வண்டி. முந்நூறு சீட்டை நம்பி ஆளுங்க படுக்கையில கிடக்கிறாங்க. எந்தச் சீட்டு தப்புன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் முன்னறையில படுத்திருக்கா. நீ சரி பண்ணாம அவளை எடுக்க விடமாட்டேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். கதவை யாரோ தட்டினார்கள். "இருங்க" என்றாள். மறுபடி தட்டினார்கள். "இருங்கன்னு சொன்னேன்ல."

திரையில் ஏதேதோ வரிகள் ஓடின. அவன் ஓரிடத்தில் நின்றான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான். பிறகு ஒரு வரியை அழித்து வேறொன்று எழுதினான்.

"என்ன?"

"முதல் சீட்டு ஒரு வழியில அச்சுக்குப் போகுது. மத்ததெல்லாம் இன்னொரு வழி. அந்த வழியில முழு எண்தான் போகும்னு எழுதியிருக்கேன். அதனால அரை ஒண்ணாயிடுது." அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "ஒரே வரிதான்" என்றான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டே கால் வருடம் அம்மா வாராவாரம் முந்நூறு சீட்டைப் பார்த்துத் திருத்தாமலிருக்க இந்தப் பதினோரு நிமிடம்தான் தேவைப்பட்டிருக்கிறது. மருந்தகத்துக்கு ஃபோன் போட்டாள். தம்பி திருத்தியதை அந்த மருந்தகத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் எதை அழுத்த வேண்டும், எதை மறுபடி திறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னான். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது.

ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, "பாத்துட்டேன் அக்கா" என்றாள் அந்தப் பெண். "டாக்டர் எழுதினதோட ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்தேன். அரைன்னு எழுதினதெல்லாம் அரைன்னுதான் வருது. பழசுல நாற்பத்தேழு சீட்டு தப்பா இருந்திருக்கு. அம்மா வாராவாரம் இத்தனையையும்…" "ரெண்டு மணி தாண்டிடுச்சு, வண்டியை அனுப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

வெளியே ஆட்கள் நடமாடும் சத்தம் அதிகமானது. நாற்காலிகளை ஓரமாக இழுத்தார்கள். தம்பி லேப்டாப்பை மூடப் போனான். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"இன்னும் முடியல. இதைப் படி."

அவள் காட்டிய இடத்தில் அந்த ஒற்றைப் பதில் இருந்தது. போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 'நான் அடித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே வருகிறது.' அவ்வளவுதான். பக்கத்தில் வட்டத்துக்குள் தம்பியின் படம். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதன் கீழே, மூன்று நிமிடத்தில் அம்மா எழுதியிருந்தாள். 'பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. நீங்கள் ஒரு சீட்டு மட்டும் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இரண்டு அடித்துப் பாருங்கள் ஐயா.'

அவன் அதைப் படித்து முடித்தும் கண்ணை எடுக்கவில்லை. அவள் அவனைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தாள். முன்னறையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ கொண்டுபோனார்கள்.

"அக்கா, எழுதினது நான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"உன் ஃபோட்டோ இருக்கே."

சித்தப்பா கதவைத் தட்டாமலே திறந்தார். "என்னப்பா, மணி மூணாகப் போகுது. எல்லாரும் காத்திருக்காங்க. மகன் வந்து தலைமாட்டுல பிடிக்கணும்."

"வரேன்" என்றான் தம்பி. ஆனால் எழவில்லை. அம்மாவின் கடைசி வரிக்குக் கீழே இருந்த கட்டத்தில் எதையோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். சித்தப்பா அவளைப் பார்த்தார். அவன் அனுப்பிவிட்டு எழுந்து வெளியே போன பிறகு அவள் குனிந்து பார்த்தாள். 'இரண்டு அடித்துப் பார்த்தேன்' என்று மட்டும் இருந்தது.

அவள் முன்னறைக்கு வந்தபோது ஆட்கள் இரண்டு பக்கமும் குனிந்து நின்றிருந்தார்கள். தலைமாட்டில் தம்பிக்கென்று இடம் விட்டிருந்தார்கள். சித்தப்பா கையைக் காட்டினார். அவன் அந்த இடத்தைத் தாண்டிப் போய், அவள் செருகி வைத்திருந்த போர்வை ஓரத்தைக் கலைக்காமல், கால்மாட்டில் குனிந்து பிடித்துக்கொண்டான்.