முதல் பெயருக்கான இடம்

1

இந்தக் கதை ஒரு கொம்புக் குவளையில் தொடங்கியது. எங்கள் தலைநகர் அசுன்சியோனில், பூச்சி ஆய்வுக்கூடத்து மாமர நிழலில், நாங்கள் மூவர் ஒரே குவளையில் ஐஸ் போட்ட தெரெரே என்ற இலைச்சாறைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். நெலிதாவின் முறை வந்தது. வாங்கினாள், குடிக்கவில்லை. இன்னொரு கையில் கைபேசி.

"அது மைக் இல்லம்மா, குடிச்சிட்டுக் குடு," என்றான் ரோக்கே, கூட வேலை செய்பவன். குவளையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருப்பவர்களை இங்கே அப்படித்தான் சீண்டுவார்கள். அவளோ பேசவே இல்லை. அந்த மௌனத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மாபெரும் விஞ்ஞானி நெலிதா ஓர் அதிகாலையில்..." (விட்டுவிட்டேன். வருடக்கணக்காக ஜாடிகளில் பூச்சி வளர்த்தவள், அவ்வளவுதான்.)

அவள் கண்டுபிடித்தது இது: வறண்ட சாக்கோ பகுதியின் மண்வீடுகளில் அரசு அடிக்கும் மருந்துக்கு வின்சூக்கா பூச்சி இப்போது சாவதில்லை. தூங்குகிறவரைக் கடித்து, மெல்ல மெல்ல இதயத்தைக் கெடுக்கும் நோயைத் தரும் பூச்சி. வெளிநாட்டு ஆய்விதழில் வந்தால்தான் மருந்தை மாற்றுவோம் என்றது அமைச்சகம். ஆய்விதழ் கட்டுரையை ஏற்றது. ஆனால் வெளியிடக் கேட்ட கட்டணம் அவளுடைய வருடச் சம்பளத்தைத் தாண்டியது. சலுகை கேட்டாள். உங்கள் நாடு போதிய அளவு ஏழையில்லை என்று பதில் வந்தது.*

* இதைவிடக் கொடூரமான ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்ய முயன்றேன். முடியவில்லை.

3

ஹென்னிங்கை முதலில் வில்லனாக எழுதினேன். பொருந்தவில்லை. ஆய்வுக்காக ஜெர்மனியிலிருந்து வந்து, இரண்டு வாரம் அவளோடு மண்சுவர் வெடிப்புகளைத் துழாவியவன். நல்லவன். அதுதான் கசக்கிறது. கைபேசியில் அவன் அனுப்பிய குரல்செய்தி:

"பணத்த எங்க பல்கலைக்கழகம் கட்டிடும் நெலிதா. ஆனா மொதப் பேரு எங்க ஆளு பேரா, அதாவது என் பேரா இருக்கணுமாம். எனக்கே சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. இன்னிக்குள்ள சொல்லிடு."

(கட்டுரையைக் குறிப்பிடும் எல்லாரும் முதல் பெயரை மட்டுமே சொல்வார்கள். மீதிப் பேர் எல்லாம் 'மற்றும் பிறர்'.) ரோக்கே சிரித்தான். "கடி நமக்கு, கட்டுரை அவனுக்கு."

4

அ) ஒரு முடிவு: சம்மதிக்கிறாள். மருந்து மாறுகிறது. அடுத்த வருடம் அசுன்சியோன் மாநாட்டில் வின்சூக்காவைப் பற்றிப் பேச ஹென்னிங்கை அழைக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிவர நெலிதாவை அனுப்புகிறார்கள்.

ஆ) மறுக்கிறாள். எழுதியவரிடம் கட்டணம் கேட்காத வேறோர் இதழில் வருகிறது. அங்கே படிப்பவர்தான் கட்டவேண்டும். அமைச்சகம் கட்டவில்லை, மருந்தும் மாறவில்லை. தன் கட்டுரையைத் திறக்கப் போன அவளிடமும் காசு கேட்கிறது அந்த இணையப் பக்கம்.

இ) எங்கிருந்தோ ஒரு கொடையாளர்... (இல்லை. கதையில்கூட நம்பமுடியவில்லை.)

5

தீப்பெட்டிகளில் பூச்சி பிடித்துத் தந்த சாக்கோக்காரி செஃபெரினாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் இதுவரை தள்ளிவந்தேன். எந்த முடிவிலும் அவள் பெயர் கட்டுரையில் இல்லை. கடைசியாகப் பார்த்தபோது நெலிதாவிடம் கேட்டாளாம்: "மருந்தடிச்ச செவுத்துலயே ஓடுது தாயி. எம்புள்ள அந்தச் செவுத்தோரந்தான் படுக்கிறான். எப்ப மாத்துவீங்க?"

குவளையில் ஐஸ் கரைந்துவிட்டது. ரோக்கே கை நீட்டவில்லை. நெலிதாவின் கட்டைவிரல் திரைக்கு மேல் நிற்கிறது. அதை என்னால் அசைக்க முடியவில்லை.

கட்டுரையை எழுதியவர் பெயர் வரும் வரியைக் கீழே விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். இருட்டுவதற்குள் எழுதிவிடுங்கள், செஃபெரினாவின் பையன் சீக்கிரம் படுத்துவிடுவான்.

.................... மற்றும் பிறர்