செவப்புக் கட்டை

மனோரமாவுக்குத் தெலுங்கு நன்றாக வரும் என்பது நகரி நெசவுத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மனோரமாவே சொல்லியிருந்தாள். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து மூன்றாவது வருஷம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற சண்டை ஓயவில்லை. அவள் கணவன் வேதாச்சலம்கூட எல்லை பற்றி மனுக் கொடுக்கத் தெருக்காரர்களோடு சித்தூர் போயிருந்தான். அந்த நேரத்தில்தான் மனோரமா மகள் வரலட்சுமிக்கு முடியிறக்கத் திருப்பதிக்குப் புறப்பட்டாள். துணைக்கு நாத்தனார் ரத்னம்மா. பஸ்ஸில் இரண்டு பேர் எல்லையைப் பற்றிக் கத்திக்கொண்டு வந்தார்கள். “எந்தப் பக்கம் போனா எனக்கின்னா? எனக்கு ரெண்டு பாஷையும் தண்ணி மாதிரி” என்று மனோரமா யாரும் கேட்காமலே சொன்னாள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. இதற்கு முன் பிறந்த ஆண்பிள்ளை பத்தாம் மாதத்தில் மாந்தம் கண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மனோரமா நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. வரலட்சுமி தும்மினால்கூட எழுந்து விளக்கை ஏற்றிவிடுவாள். மாந்தத்துக்கு மரப்பாச்சிக் கட்டையை உரசிப் புகட்டுவது அந்தத் தெரு வழக்கம். அந்தக் கட்டைக்குச் செஞ்சந்தனம் என்று பெயர் இருப்பது அங்கே பலருக்குத் தெரியாது. ‘செவப்புக் கட்டை’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கட்டையிலேயே சொப்புச் சாமான் கிடைத்தால் விளையாட்டுக்கும் ஆச்சு, மருந்துக்கும் ஆச்சு என்று மனோரமா கணக்குப் போட்டாள்.

மலையிறங்கி வந்து ஒரு மரச்சாமான் கடையில் ஏறினார்கள். கடைக்காரர் இரண்டு செட்டு எடுத்துப் பரப்பினார். இரண்டிலும் அடுப்பு, பானை, கரண்டி, உரல், உலக்கை, திருகை எல்லாம் விரல் நீளத்தில் இருந்தன. ஒன்று கறுத்துப்போய்க் கனமாக இருந்தது. மற்றது செக்கச்செவேலென்று பளபளத்தது. குழந்தை எட்டிப் பாய்ந்து சிவப்புப் பானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

“அண்ணி, தமிழ்லயே கேளு. அவருக்கும் வரும்” என்றாள் ரத்னம்மா.

“நீ சும்மா இரு. தமிழ்ல கேட்டா வெளியூர்க்காரின்னு நெனைப்பான்” என்று மனோரமா அவளை அடக்கினாள். பிறகு வீட்டுப் பேச்சை அப்படியே தெலுங்காக்கி, சிவப்புச் செட்டைத் தொட்டுக்காட்டி, “இதி எர்ர கட்டெனா?” என்று கேட்டாள்.

சிவப்பான கட்டைதானா என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? “ஔனம்மா, எர்ர கட்டெனே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ‘எர்ர சந்தனம்’ என்ற ஒரு சொல் அவள் வாயில் வந்திருந்தால், சிவப்பை ஒதுக்கிவிட்டு, நாள்பட்டுக் கறுத்திருந்த அசல் கட்டையை முன்னால் தள்ளியிருப்பார். அவள் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சிவப்புச் செட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றே குழந்தைக்கு வயிற்றால் போனது. மலைத் தண்ணீரும் மொட்டைத் தலையும் சேர்ந்து செய்த வேலை என்று மனோரமா சொப்பு உலக்கையைக் கல்லில் உரசினாள். இரண்டே சுற்றில் கல் சிவந்தது.

“நல்ல கட்டை இவ்ளோ சீக்கிரமா கரையும்?” என்று ரத்னம்மா இழுத்தாள்.

“நல்ல கட்டைன்றதாலதான்டி கரையுது.”

தேன் குழைத்துக் கொடுத்தாள். குழந்தை நக்கிச் சாப்பிட்டது. ஒன்றையே தேய்த்தால் விளையாட்டுச் சாமான் வீணாகுமே என்று வேளைக்கு ஒன்றாக எடுத்து லேசாக உரசினாள். அதனால் எந்தச் சாமானும் உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்டவில்லை.

மறுநாள் குழந்தை பானையை அடுப்பில் ஏற்றிச் சோறாக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பானையைச் சப்பிக்கொண்டிருந்தது. வாந்தி எடுத்தபோது அது இளஞ்சிவப்பாக வந்தது. ரத்னம்மா அதைத் துணியால் துடைத்து மனோரமாவிடம் காட்டினாள்.

“அண்ணி, புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம் வா.”

“செவப்புக் கட்டை குடுத்தா செவப்பாத்தான் வரும். எம் பையன் போனப்போ இந்தக் கட்டை கையில இல்ல. இருந்திருந்தா பொழைச்சிருப்பான்” என்றாள் மனோரமா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். பயம் கூடக்கூட மருந்தும் கூடியது. இரண்டு வேளை நாலு வேளையாயிற்று. விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பார்களே, அதுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேதாச்சலம் சித்தூரிலிருந்து திரும்பினான். அவன் நூலுக்குச் சாயம் தோய்க்கிறவன். சாயத்தொட்டி தெருக்கோடியில் இருந்தது, அங்கே பெண்கள் போவதில்லை. துண்டை உதறிக்கொண்டே உள்ளே வந்தவன் உரசும் கல்லைப் பார்த்து நின்றான்.

“வூட்டுக்குள்ள எவ சாயம் கரைச்சது?”

“சாயம் இன்னா சாயம்? கொழந்தைக்கு மருந்து. செவப்புக் கட்டை” என்றாள் மனோரமா.

அவன் குனிந்து குழைவைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தான். மூக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு சொப்பு உலக்கையை எடுத்து இரண்டாக ஒடித்தான். உள்ளே முருங்கைக் கட்டைபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

“கேட்டுத்தான் வாங்கினேன்” என்றாள் அவள். “எர்ர கட்டெனான்னு கேட்டேன். ஆமான்னாரு.”

வேதாச்சலம் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். “எத்தினி வேளை குடுத்த?” என்று மட்டும் கேட்டான். அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனதும் அவன் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினான். ரத்னம்மா பின்னால் ஓடினாள்.

மனோரமாவும் எழுந்து ஓடினாள். உரசும் கல் கையிலேயே இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. அப்பன் தோளில் துவண்டு கிடந்த வரலட்சுமி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். தேன் வரும் என்று வாயைத் திறந்தாள்.