யூஜினா வாங்கிக் கொடுத்த சிவப்பு ட்ரில்

ட்ரில் மேல் வந்த கோபத்தை இக்னேசியஸ் ட்ரில் மேலேயே காட்டியிருக்கலாம். அது போய் மகள் தலையில் விழுந்துவிட்டது. கூரைத் தகரம் போடுகிற அப்பாவுக்கு உதவும் என்று, கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் யூஜினா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய சிவப்பு ட்ரில் அது. வருஷம் திரும்பும் முன்னே பெட்டரி சுணங்கத் தொடங்கியது. போன வாரம் தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டுக் கூரையில் பாதி வேலையில் அப்படியே நின்றுவிட்டது. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். இறங்கிய கையோடு மகளுக்குப் போன் போட்டார்.

"கடைக்காரன் ஒன் தலையில நல்லா மொளகா அரைச்சிட்டான் புள்ள. குப்பையப் போயி காசு குடுத்து வாங்கியிருக்க."

அன்றிலிருந்து யூஜினா அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். அப்பா போனை எடுத்தால் வேலை இருக்கிறதாம். இருப்பது ஒரே பிள்ளை. அதுவும் முகம் திருப்பினால் எந்த அப்பனுக்குச் சோறு இறங்கும்?

புது ட்ரில் வாங்கினால், சிவப்பைத் தூக்கி எறிந்ததாகத்தான் மகள் நினைப்பாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் வேலை நிற்கிறதே. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு பொகவந்தலாவையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார்.

அங்கே மெஷின் கடைக்காரர் மிலான் மூன்று ட்ரில்களை மேசையில் எடுத்து வைத்தார்.

"பச்சை பாரம் கொறவுண்ணே, ஒத்தக் கையில பிடிக்கலாம். மஞ்சள் இரும்புலயும் எறங்கும், ஆனா கை கடுக்கும். நீலத்தோட பெட்டரிய அதே கம்பெனியோட இரும்பு அறுக்கிற கிரைண்டருக்கும் மாட்டிக்கலாம்."

இக்னேசியஸ் ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கூரைக்காரனுக்கு வேறு சோதனை எதற்கு? மனசு பச்சையில் நின்றது.

"பழசுக்கு என்ன வந்துச்சு?" என்று மிலான் சிவப்பைக் கையில் எடுத்தார். அதே கம்பெனியின் புது பெட்டரியை மாட்டி ஒரு பலகையில் அழுத்தினார். திருகாணி முனகாமல் இறங்கியது.

"மெஷின் கல்லு மாதிரி இருக்குண்ணே. பெட்டரிதான் செத்துப்போச்சு. வீட்ல அத எங்க வைக்கிறீங்க?"

"எங்க வைப்பாங்க? அடுப்புக்கு மேல, பரண்லதான்."

மிலான் தலையில் கை வைத்துக்கொண்டார். இக்னேசியஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருஷமெல்லாம் மழையும் பனியுமான ஊர். விறகு, காலுறை, தீப்பெட்டி, உப்பு எல்லாம் ஏறுகிற பரண் அது. பெட்டரியை மட்டும் ஈரத்தில் விடுவார்களா? மனைவி சுகிர்தம்தான் தினமும் மறக்காமல் எடுத்து வைப்பாள்.

"சூடு பட்டா பெட்டரி தாங்காதுண்ணே. நீங்க பச்சைய வாங்கிட்டுப் போனாலும் இதே கதிதான்."

பச்சை அலமாரிக்குத் திரும்பியது. புது பெட்டரி மட்டும் பைக்குள் வந்தது.

வீட்டில் சுகிர்தம் வழக்கம்போல அதைப் பரணில் வைக்கப் போனாள். அவர் வாங்கி, மாதா சுரூபம் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"இனி இது மாதாகிட்ட இருக்கட்டும்."

"ஏங்க? அடுப்புச் சூட்டுலயா பழசு கெட்டுப்போச்சு?"

அவள் மனம் நோகக் கூடாதென்று பஸ்ஸிலேயே ஒரு பொய்யைத் தயார் பண்ணித்தான் வந்திருந்தார். மாதாவின் முகத்துக்கு நேரே அது வெளியில் வரமாட்டேன் என்றது.

"ஆமா" என்றார்.

சுகிர்தம் உடனே போனை எடுத்தாள்.

"யூஜினா, ஒன்ன யாரும் ஏமாத்தல புள்ள. நீ வாங்குனது நல்ல சாமான். நான்தான் அத கருவாடு மாதிரி பொகையில போட்டுட்டேன்."

 அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "அப்பாகிட்ட குடுங்கம்மா."

இக்னேசியஸ் போனை வாங்கினார். குப்பை என்று சொன்ன வாயால் இப்போது என்னத்தைச் சொல்வது? மாதாவிடம் ஒப்படைத்த பெட்டரியைத் திரும்ப எடுத்து, சிவப்பு ட்ரில்லில் மாட்டி, போனுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினார். காம்பரா அறை முழுக்க அதன் இரைச்சல்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் புள்ள" என்றார், அது நின்றதும்.

"இன்னொருக்கா ஓட்டுங்கப்பா" என்றாள் யூஜினா.