டேகு சம்பந்தியும் டெப்ரெட்சன் சம்பந்தியும்

கயல்விழிக்கும் பிரவீனாவுக்கும் கல்லூரி முதலே நட்பு, கல்லூரி முதலே சண்டை. கயல்விழி உதவித்தொகையில் ஹங்கேரிக்குப் போய் டெப்ரெட்சன் நகரில் படித்து, அந்த மொழியோடு திரும்பி வந்தவள். பிரவீனா கோயம்புத்தூரிலேயே கொரியன் கற்றுக்கொண்டு, பல்லடத்தில் கொரியத் தறிகள் இறக்கும் ஒரு நெசவாலையில் மொழிபெயர்ப்பாளர் ஆனவள். எது தமிழுக்குக் கிட்டத்து மொழி என்பதுதான் சண்டை.

"அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பாவேதான். வினைச்சொல் நம்மளாட்டவே கடைசியில வருது. இதுக்கு மேல என்னடி வேணும்?" என்பாள் பிரவீனா.

"ஹங்கேரியன்ல 'என் வீட்டுக்குள்ள'ங்கறதை ஒரே சொல்லுல சொல்லிப்போடலாம். ஹாஸம்பன். வீடுங்கற சொல்லுக்குப் பின்னாடியே எல்லாத்தையும் ஒட்டிக்கிட்டே போவாங்க, நம்மளாட்ட. பேருலகூடக் குடும்பப் பேருதான் முதல்ல" என்பாள் கயல்விழி.

"கொரியாவுலயும் அப்படித்தானுங்க அம்மணி!"

பிரவீனாவின் கல்யாணத்தில் இந்தச் சண்டைக்கு உயிருள்ள சாட்சிகள் இருவர் சந்தித்தார்கள். கொரியாவிலிருந்து தறி பொருத்த வந்திருந்த டேகு நகரத்து மின்ஜே. கயல்விழியின் டெப்ரெட்சன் தோழியும், கோவையில் ஆயுர்வேதம் படிக்க வந்த ஹங்கேரிக்காரியுமான ரேகா; அந்தப் பெயர் அங்கேயும் உண்டு. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. ஒன்றரை வருடத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்து, தங்கள் அம்மாக்களைக் கோவைக்கு வரச் சொன்னார்கள்.

அம்மாக்கள் வந்து இறங்கிய நாளில் பிள்ளைகள் ஊரில் இல்லை. தூதரகச் சான்றிதழுக்காகச் சென்னை போயிருந்தவர்களின் விமானம் மழையில் ரத்தாகிவிட்டது. "ரயில்ல நாளைக்குக் காலையிலதான் வர முடியும், நீங்க பாத்துக்குங்க" என்று போன் வந்தது.

காலையில் மின்ஜேயின் அம்மா சுன்ஜாவை விமான நிலையத்திலிருந்து பிரவீனா அழைத்து வந்தாள். டேகுவில் தொடுகறிக் கடை நடத்துகிற, சுறுசுறுப்பான சிறிய உருவம். கார் சின்னியம்பாளையம் தாண்டுவதற்குள் அவர் பிரவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கேன். யாருகிட்டயும் சொல்லாதே" என்றார்.

மத்தியானம் ரேகாவின் அம்மா இலோனா வந்தார். டெப்ரெட்சனில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரமானவர், குரலும் பெரியது. வழியில் அவரும் கயல்விழியிடம் அதையேதான் சொன்னார்: "எப்படியாவது இதை நிறுத்தணும். ரேகாகிட்ட சொல்லிடாதே."

கேட்ட ரகசியத்தை ஆளுக்கொன்றாக விழுங்கிக்கொண்டு தோழிகள் இருவரும் சோமனூரில் கயல்விழியின் வீட்டில் சந்தித்தார்கள். கயல்விழியின் அம்மா மாரியாத்தாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று இருவரையும் தமிழிலேயே வரவேற்றார். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுன்ஜா அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். டேகுவும் தறி ஊர்தான்.

வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று தோழிகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். கொரியனிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ஹங்கேரியன் என்று பேச்சு மாறி மாறிப் போயிற்று.

சுன்ஜா உட்கார்ந்ததும் முதலில் கேட்டது வயதை. பிரவீனா அதை ஆங்கிலத்தில் சொல்ல, கயல்விழி அப்படியே ஹங்கேரியனில் கேட்டாள். இலோனாவின் முகம் இறுகியது.

"வந்ததும் வராததுமா என் வயசு எதுக்கு? நான் என்ன மாடா, பல்லைப் பாக்கறதுக்கு?"

கயல்விழி இதை மொழிபெயர்க்காமல் தண்ணீர் குடித்தாள். பிரவீனாவுக்குப் பதறியது. ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழ் வந்தது.

"ஏண்டி, தப்பாச் சொல்லிப்போட்டயா? அவங்க வயசு கேக்கலடி. அக்கான்னு கூப்பிடறதா தங்கச்சின்னு கூப்பிடறதான்னு கேக்கறாங்க. அது தெரியாம அவங்களால ஒரு வாக்கியம் முடிக்க முடியாது."

கயல்விழி நிமிர்ந்தாள். ஆங்கிலத்தில் வெறும் 'சிஸ்டர்'தான். ஹங்கேரியனில் அக்காவுக்கு நெவேர், தங்கைக்கு ஹூக் என்று தனித்தனிச் சொல் உண்டு. "அவங்க உங்களுக்கு நெவேர் ஆகணுமா, ஹூக் ஆகணுமான்னு கேக்கறாங்க" என்றாள் இலோனாவிடம்.

இலோனா சுன்ஜாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் நரைமுடியைத் தொட்டுக் காட்டி, "நான்தான் அக்கா" என்றார்.

"ஒன்னி!" என்று சுன்ஜா கைதட்டினார். அக்கா என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு தோழிகள் ஆங்கிலத்தைக் கைவிட்டு, நடுவில் தமிழையே வைத்துக்கொண்டார்கள். சுன்ஜா ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதைக்கு 'யோ' போட்டால் பிரவீனா அங்கே ஒரு 'ங்க' போட்டாள். கொங்குத் தமிழில் அது தானாகவே விழுந்தது. 'அவனா அவளா' என்ற குழப்பமும் இல்லை. ஹங்கேரியனில் இருவருக்கும் ஒரே சொல்தான், தமிழில் 'அவங்க' போதும்.

அடுத்த சிக்கல் உறவுமுறை. 'உங்கள் மகளின் வருங்காலக் கணவரின் தாயார்' என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்குமோ என்று கயல்விழி யோசிக்கும்போதே பிரவீனா, "'சாதொன்'னு சொல்றாங்கடி. சம்பந்தி" என்றாள்.

"அட, ஹங்கேரியன்லயும் இருக்குதடி! நாஸஸ்ஸொஞ்!"

இருவரும் மற்றவர்களை மறந்து சிரித்தார்கள். சுன்ஜா தொடர்ந்து ஏதோ சொல்ல, பிரவீனாவின் சிரிப்பு நின்றது.

"என்னடி?"

"அவங்க ஊருப் பழமொழியாம். சம்பந்தி ஊடும் கக்கூசும் தூரத்துல இருக்கோணுமாம். இதைச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

மாரியாத்தாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். கயல்விழி கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தாள். இலோனா மேசை அதிரச் சிரித்தார்.

"டேகுவுல இருந்து டெப்ரெட்சன் போதுமான தூரமா?"

இதைக் கேட்டுச் சுன்ஜாவும் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் நிறையப் பேசினார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் கயல்விழி.

"குழம்பு காரமாம்."

இலோனா விடவில்லை. "முப்பது வருஷம் டிராம்ல ஏறறவங்க மூஞ்சியப் பாத்தவ நான். அது காரத்துக்கு வந்த கண்ணீர் இல்ல. உள்ளதைச் சொல்லச் சொல்லு."

பிரவீனா வேறு வழியில்லாமல் சொன்னாள். "கல்யாணத்தை நிறுத்த வந்தாங்களாமா. பையன் ஹங்கேரி போயிட்டா அப்பறம் போன்லதான் பாக்கோணும்னு பயமாமா."

குழம்புச் சட்டி பறக்கும் என்று எதிர்பார்த்தபடி கயல்விழி அதை ஹங்கேரியனில் சொன்னாள். இலோனா ரொட்டியைக் கீழே வைத்தார். "நானும் அதுக்குத்தான் வந்தேன். என் மகள் கொரியாவுக்குப் போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

பிரவீனா அதைச் சொல்லி முடித்ததும் சுன்ஜாவின் முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. அடுத்த கணமே புருவம் ஏறியது. கோபமாக ஏதோ கேட்டார். அதே நேரத்தில் இலோனாவும் உரத்த குரலில் எதையோ கேட்டார்.

"எம் பையனுக்கு என்னங்க குறை?" என்றாள் பிரவீனா.

"எம் புள்ளைக்கு என்னங்க குறை?" என்றாள் கயல்விழி, அதே மூச்சில்.

தமிழ் மட்டும் தெரிந்த மாரியாத்தாளுக்கு எல்லாமே தெளிவாகப் புரிந்தது. "சண்டை வந்திருச்சில்ல? அப்பச் சம்பந்திகதான். இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமுங்களா?" என்றார்.

அதன்பின் மாலைவரை இருவரும் தத்தம் பிள்ளையின் பெருமையைப் பேசித் தீர்த்தார்கள். மின்ஜே தினமும் அம்மாவுக்குப் போன் போடுவான். ரேகா சிறுவயதில் அடிபட்ட நாரையை வளர்த்தவள். யாருடைய பிள்ளை எந்த நாட்டுக்குப் போவது என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் இலோனா, "ரெண்டு பேரும் எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்" என்றார். பிரவீனா சொல்லி முடிக்கும் முன்பே சுன்ஜா தலையாட்டிவிட்டார். 'ஒரே தூரம்' என்பதை இலோனா கை விரித்துக் காட்டியதிலேயே புரிந்துவிட்டதாம்.

மறுநாள் காலை மின்ஜேயும் ரேகாவும் ரயிலடியிலிருந்து ஓடி வந்தார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டு தாய்மார்களும் தனித்தனியாகப் போனில் அழுதது அவர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் முதலில் கெஞ்சுவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், சுன்ஜா மிளகாய்ப்பொடியை இலோனாவின் உள்ளங்கையில் போட்டு முகரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றார் சுன்ஜா. "கல்யாணத்துக்கு இன்னும் மண்டபம் பாக்கலையா? ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?"

இலோனாவும் அதையே கேட்டார். ரேகா வாயைத் திறந்தபடி கயல்விழியைப் பார்த்தாள்.

சித்திரையில் பல்லடம் சாலையிலுள்ள ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. இருபக்கத்து உறவினர்களும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டார்கள். அதனால் பிரவீனாவும் கயல்விழியும் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடிந்தது. பாயாசம் தீர்ந்துபோயிருந்தது.