ரெஜினா எழுதிய காமெடி

பொய்ச் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும், வயிற்றுக்கு இறங்காது. அதைக் கண்டுபிடிப்பதில் ராமசெல்வியை மிஞ்ச காசிமேட்டில் ஆள் கிடையாது. அன்றைக்கு வலை பின்னும் கூடத்தின் மாடி முழுக்க அந்தச் சிரிப்புதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'மீன்பாடி' என்று யூடியூபில் ஒரு காமெடி சேனல் இருந்தது. ராயபுரத்துப் பையன்கள் இரண்டு பேர் நடத்தினார்கள். மற்றவர்களெல்லாம் நம் பேச்சை வைத்து நம்மையே கிண்டல் அடிப்பார்கள் இல்லையா, இவன்கள் அதே பேச்சை வைத்து ஊரில் பெரிய மனுஷன் ஒருத்தனையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் ஒருத்தன் துபாய்க்குப் போனான், இன்னொருத்தனுக்குக் கல்யாணம் ஆனது, சேனலுக்கு மூடுவிழா. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்புச் சோறு உள்ளே இறங்கியதும் இந்த மாடியில் கூடுவார்கள். எழுதினதை அஃப்ரித் படிப்பான். கூரியர் ஆபீசில் வேலை, ஆள் ஒல்லி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

எழுதினவர், மற்ற எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார வேண்டும். ஜோக் எந்த இடத்தில் செத்ததோ அந்த இடத்தில் கேட்பவர்கள் "தரை தட்டிச்சு" என்று கத்த வேண்டும், போட் மண்ணில் மாட்டிக்கொண்டால் கத்துவது போல. எழுதினவர் வாயைத் திறக்கவே கூடாது.

சட்டம் போட்டது யேசுதாஸ். "மூஞ்சப் பாத்தா எல்லாரும் நல்லவனாய்டுவோம் மாமு. அப்பால எவன் உண்மைய சொல்லுவான்?" என்பான். டிரெய்லர் லாரி ஓட்டினவன். அவன் எழுதினதில் பாதி தரை தட்டும். அதற்கும் அவனே முதல் ஆளாகச் சிரிப்பான்.

அந்த யேசுதாஸ்தான் போன மாசியில், எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற லாரி வரிசையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சடைத்துப் போய்விட்டான். பின்னால் நின்ற டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்து, திட்டிக்கொண்டே இறங்கி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இன்றைக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அவன் பெண்சாதி ரெஜினா. இத்தனை நாளும் அவனோடு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டதோடு சரி. முதல் தடவையாக எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். காலையிலேயே ராமசெல்விக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நல்லா இல்லன்னா அவருக்கு சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லணும். எங்க போனாலும் எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசறாங்க கா. மீன் விக்கிற பொம்பள கூட பேரம் பேச மாட்டேங்குது. அங்கயும் அப்டிதான்னா நான் இனிமே வர மாட்டேன்."

"சரிடி" என்று சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம்.

ரெஜினா எழுதியிருந்தது யேசுதாஸின் சாவைத்தான். ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. அவனை வைத்த ஐஸ் பெட்டி படி திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மேலே மாட்டிக்கொண்ட பாஸ்டர் அங்கேயே ஜெபத்தை ஆரம்பித்துவிடுகிறார். கீழே தாய்மாமன், லாரிக்கு ரிவர்ஸ் சொல்கிற மாதிரி, "ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, வுடு வுடு" என்கிறார். கேட்டால் வயிறு வலிக்கிற விஷயம். ஆனால் யாருக்கும் வலிக்கவில்லை. அஃப்ரித் ஒவ்வொரு வரியையும் பைபிள் வாசகம் போலப் படித்தான். போட் வைத்திருக்கிற அப்பாவு கண்ணைத் துடைத்துக்கொண்டே "ஹா ஹா" என்றார். படித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். "சூப்பரு ரெஜினா, சூப்பரு." ஒரு வாய் கூட தரை தட்டிச்சு என்று சொல்லவில்லை.

ரெஜினா திரும்பவில்லை. கையை நீட்டிச் செருப்பை இழுத்துக் காலில் மாட்ட ஆரம்பித்தாள்.

ராமசெல்வி அதைப் பார்த்தாள். கன்டெய்னர் யார்டு கேட்டில் வேலை பார்க்கிறவள், வாட்டசாட்டமான டிரைவர்களையே வாயால் ஓரங்கட்டுகிறவள், அவளுக்கே இப்போது சொல்ல வாய் வரவில்லை. புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் உன் எழுத்து சரியில்லை என்று எப்படிச் சொல்வது? இந்தப் பாவத்தை நான்தானா கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஆனால் இப்போது விட்டால் அவள் திரும்பி வர மாட்டாள்.

"தரை தட்டிச்சு" என்றாள்.

"இன்னாமே நீ!" அப்பாவு எகிறினார். "அறிவு கீதா உனுக்கு? எத்தப் பத்தி எழுதிகீது அந்தப் பொண்ணு, நீ இன்னா பேசற?"

"நீ கம்முனு இருண்ணா. ரெஜினா, கேளு. பெட்டி மாட்றது நல்லா கீது. மாமன் ரிவர்ஸ் சொல்றது அத வுட நல்லா கீது. ஆனா பெட்டிக்குள்ள யாரு? வானத்துலேர்ந்து எறங்கின சம்மனசு மாதிரி யாரோ படுத்துகினு கீறான். 'பொறுமையானவர், கோபமே அறியாதவர்'னு எழுதிகீற. எந்த ஊரு யேசுதாஸ்டி அது? நம்மாளு படியில அப்டி மாட்டிகினா எய்ந்து உக்காந்துகினு, 'எறங்குங்கடா, நானே ஓட்டிகினு வரேன்'னு சொல்ல மாட்டானா?"

அஃப்ரித்துக்குப் புரையேறியது. வாயைப் பொத்தினான், முடியவில்லை, வெடித்துவிட்டான். அந்த மத்தியானத்தின் முதல் நிஜச் சிரிப்பு அதுதான். ரெஜினாவின் கை செருப்பிலேயே நின்றது.

"ஏன்டி அவன சம்மனசா ஆக்கி வெச்சிகீற? அவனோட நீ சண்டையே போட்டதில்லியா?"

சட்டப்படி ரெஜினா பேசக் கூடாது. கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போட்டேன் கா. அவரு போய்ச் சேந்த அன்னிக்கும் பேசாமதான் இருந்தேன். எங்க அண்ணன் வூட்டு விசேசத்துக்கு வரேன்னு சொல்லிட்டு வரல அவரு. அதுக்குதான். காலைல டிபன் வெச்சேன், பேசல. எறங்கிப் போனாரு. போயி, கீய நின்னுகினு கத்துறாரு, பிளாக்குக்கே கேக்குது. 'ரெஜினா மேடம்! உங்க வூட்டுக்காரரு வேலைக்குப் போறாராம், சொல்லச் சொன்னாரு! சாயங்காலம் வந்தா கதவத் தொறப்பீங்களான்னு கேக்கச் சொன்னாரு! நான் சும்மா தகவல் சொல்ல வந்தவன், என் மேல காண்டாவாதீங்க மேடம்!'"

 முதலில் அப்பாவுவின் வயிறு குலுங்கியது. "அடப்பாவி! அவனேதான்! அப்டியே அவனேதான்!" என்று தரையில் அடித்து அடித்துச் சிரித்தார். அந்தக் குரல், கீழே இடுப்பில் கை வைத்து நிற்கிற அந்தத் தொப்பை, எட்டிப் பார்க்கிற பால்கனிகள் எல்லாம் ராமசெல்விக்குக் கண் முன்னால் வந்துவிட்டன. சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது, அழ அழச் சிரிப்பு வந்தது. மாடியே குலுங்கியது.

அடங்குகிற வரைக்கும் ரெஜினா காத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சா கா?"

"நல்லா இருந்துச்சுடி. அவன் எழுதின எல்லாத்தயும் வுட இதான்டி நல்லா இருந்துச்சு. இத வெச்சு எழுது."

"எனக்கும் சிரிப்பு வந்துச்சு கா. சிரிச்சா தோத்துடுவேன்னு கிச்சன் ஜன்னலாண்ட நின்னுகினு வாயப் பொத்திகினேன். பால்கனிக்கு வருவேன்னு அண்ணாந்து பாத்துகினே நின்னாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பால போய்ட்டாரு." அவள் செருப்பிலிருந்து கையை எடுத்தாள். "ஜோக்கு நல்லா இல்லன்னு நெனச்சுகினேதான கா போயிருப்பாரு? இத்தினி பேரு சிரிச்சீங்களே, அத அவருகிட்ட யாரு கா சொல்றது?"

ராமசெல்வி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.