நூத்திநாலு ஊசி

சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோலை வாரிப் போடுறது என் வேலை. ஆம்பூர் தோல் ஷாப்புல எல்லாப் பொம்பளைங்களுக்கும் கை எரியும், எனக்கு மட்டும் எரிச்சலே தெரியாது. கெட்டிக் கைன்னு மேஸ்திரி மெச்சினான். கெட்டியாம் கெட்டி. அது குஷ்டம்ங்கிற பெரிய வியாதின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வேலூர் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. வாரத்துக்கு ஒரு நீரடிமுத்து எண்ணெய் ஊசி, மொத்தம் நூத்திநாலு, அது முடிஞ்சாத்தான் வீட்டுக்குப் போகச் சீட்டுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஊர்ப் பெரியவங்க கூடி, ரெண்டு வருஷத்துக்குள்ள சீட்டோட வந்தா சேர்த்துக்கலாம், ஒரு நாள் தாண்டினாலும் என் வீட்டுக்காரர் கன்னியப்பன் வேற கட்டிக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

எங்க ஷாப்புல வெள்ளிக்கிழமை ஜும்மா லீவு. நாலு ஜும்மா போனா ஒரு மாசம், எங்களுக்குத் தெரிஞ்ச காலண்டர் அவ்ளோதான். என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. நூத்திநாலை நாலு நாலாப் பிரிச்சா இருபத்தாறு மாசம். ரெண்டு வருஷத்துக்கு மேல ரெண்டு மாசம். எட்டு ஊசி ஜாஸ்தி.

அந்த எட்டை எப்படியாவது உள்ள தள்ளிடணும்னு எனக்கு வெறி. கோடையில டாக்டரம்மா மலைக்குப் போயிருந்தாங்க. எட்டே வாரம், வாரத்துக்கு ரெண்டு போட்டு ஊசிக் கணக்குல எழுதிடுங்கன்னு கம்பவுண்டர் துரைசாமியை நச்சரிச்சேன். பாவம், அவரும் மனசு இளகிட்டாரு.

ஆறாவது வாரம் உடம்பு பூரா தடிச்சு ஜுரம் தூக்கிப் போட்டுது. டாக்டரம்மா வந்து பாத்துட்டு, பதிமூணு வாரத்துக்கு ஊசியே கூடாதுன்னுட்டாங்க.

துரைசாமி கட்டில் பக்கத்துல வந்து நின்னாரு. அப்படி இன்னாம்மா அவசரம் உனக்குன்னாரு. கணக்கைச் சொன்னேன்.

"வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம், தனகோடி. நூத்திநாலுன்னா சரியா ரெண்டு வருஷம். நீ சும்மா இருந்திருந்தாலே போதும்."

மாசத்துல நாலு வாரம் போக ரெண்டு நாள், மூணு நாள் மிஞ்சுதே, அதெல்லாம் எங்க போவுதுன்னு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தோணல. பாழாப்போன கணக்கு. என் மேலயே ஆத்திரமா வந்துது. அழலாம்னு பாத்தேன், வரல.

ரெண்டு வருஷம் முடிஞ்ச அன்னிக்குத் தொண்ணூத்தேழு ஊசி. ஏழு பாக்கி. ஏழே வாரம் பொறுங்கன்னு துரைசாமியே காயிதம் எழுதினாரு. சொன்ன சொல்லு சொன்னதுதான்னு ஊர்ல இருந்து பதில் வந்துது.

புதுப் பொண்ணுக்குத் தாலி கட்டுறதுக்கு முன்னால, சொல்லிட்டுப் போவ கன்னியப்பன் வந்தாரு. அந்த மிஞ்சின நாள் கணக்கை அவருக்கும் சொன்னேன். மறுபடி விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சவரு பாதியில நிறுத்திட்டாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு.

பிடிச்சிருக்காருன்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.